செக் என்ஜின் விளக்கு: வரலாறும் பழைய கார்களில் பழுதறிதலும்

செக் என்ஜின் விளக்கு என்பது காரின் டேஷ்போர்டில், என்ஜின் வடிவத்தில், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகும். சாவியைத் திருப்பியதும் இது எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடும்போதும் எரிந்துகொண்டிருந்தால், காரில் உள்ள கணினி ஏதோ ஒரு குறையைக் கண்டு பதிவு செய்து வைத்திருக்கிறது என்று பொருள்.

இந்த விளக்கு ஓட்டுநரின் வசதிக்காக வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் வரலாறு வேறு. சைலன்சர் வழியாக வெளியேறும் நச்சுப் புகையைக் கட்டுப்படுத்த அரசுகள் கொண்டுவந்த சட்டங்களின் விளைவு இது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், பழைய கார் வைத்திருப்பவர் விளக்கு எரியும்போது என்ன செய்ய வேண்டும், பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும். வண்டலூர், மறைமலை நகர், கேளம்பாக்கம் ஆகிய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

காதால் பழுதறிந்த காலம்

கேளம்பாக்கத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையின் மறுமுனை வண்டலூர். அந்தப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெசல் ஆகிய கார்களைச் செய்த நிறுவனம் அது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் காருடையது. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காரின் 1991 கன சென்டிமீட்டர் என்ஜின். விலைக்கு ஏற்ற வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. 1988-ல் கார் உற்பத்தி நின்றது.

அக்காலத்து ஸ்டாண்டர்டு, அம்பாசடர், பிரீமியர் பத்மினி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கார்பரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி அது. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் உறுப்பு எதுவும் வண்டியில் கிடையாது. பார்ப்பவர் மெக்கானிக். ஒரு திருகைச் சிறிது திருப்பி, என்ஜின் ஓசையைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனை கறுத்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று கண்டு பழுதைச் சொல்வார். காலையில் சோக் இழுத்து வண்டியைக் கிளப்பியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும்.

அந்த முறையில் அறிவு முழுவதும் பட்டறைக்காரரின் காதிலும் கண்ணிலும் இருந்தது. எந்த நிறுவனத்தின் அனுமதியும் அதற்குத் தேவைப்படவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டம்

1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரியச் செய்யும் ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் ஏரி ஹாகன் ஸ்மித், 1950-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தை விளக்கினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலான எரிச்சலூட்டும் பொருள்களை உண்டாக்குகின்றன என்பதே அவருடைய முடிவு. அந்த ஆவியின் முக்கியமான ஊற்றுக்கண்களில் ஒன்று கார். 1967-ல் கலிபோர்னியாவில் காற்று வள வாரியம் உருவாக்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை வலுப்படுத்தியது. கார்களின் நச்சுப் புகையை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதன் விளைவாக 1975-ம் ஆண்டு மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது. சைலன்சர் குழாயின் நடுவே பொருத்தப்படும் இந்த உறுப்பு, நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைக் 'கேட்' என்றும் 'கன்வெர்ட்டர்' என்றும் சொல்வார்கள்.

மூன்று நச்சுகளையும் ஒருசேர மாற்றும் வினையூக்கிக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தை ஒட்டியே கலவை இருக்க வேண்டும். திருகைத் திருப்பி அந்த நுட்பத்தை நாள்தோறும் காக்க முடியாது. எனவே கணினி தேவைப்பட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை 1967-ல் வோக்ஸ்வாகன் காருக்குத் தந்திருந்தது. 1976-ல் அதே நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி வால்வோ காரில் வந்தது. வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதை இது மின்னழுத்தமாகச் சொல்லும். அதைப் படித்து, அடுத்த பீய்ச்சலுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணினி முடிவு செய்யும்.

விளக்கு வந்தது

கணினி வந்த பிறகு ஒரு புதிய சிக்கல் எழுந்தது. உணரி கெட்டுப்போனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புகை மட்டும் கூடும். அது ஓட்டுநருக்குத் தெரியாது, ஓசையிலும் கேட்காது. ஆகவே பழுதைக் கணினியே அறிந்து சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1980-81 ஆண்டுகளில் தன் அமெரிக்கக் கார்களில் இந்த வசதியைப் பரவலாக்கியது. குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், டேஷ்போர்டில் உள்ள 'செக் என்ஜின்' விளக்கு மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். ஒரு முறை மின்னி, சற்று நின்று, இரு முறை மின்னினால் 12. மெக்கானிக் மின்னல்களை எண்ணி, கையேட்டில் அந்த எண்ணுக்கு உரிய பழுதைப் பார்த்துக்கொள்வார். பெட்ரோல் பீய்ச்சும் அமைப்புடன் இந்தியாவில் வந்த பழைய கார்கள் சிலவற்றிலும் இந்த மின்னல் கணக்கு இருந்தது. இன்றும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அதைப் படிப்பதைக் காணலாம்.

1985-ல் கலிபோர்னியா வாரியம் இதைச் சட்டமாக்கியது. 1988 மாடல் முதல் அங்கு விற்கும் கார்கள் தம் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகளின் பழுதைத் தாமே கண்டறிந்து விளக்கால் சொல்ல வேண்டும் என்பது விதி. இதுவே ஓபிடி எனப்படும் 'வண்டியிலேயே அமைந்த பழுதறிதல்' முறையின் முதல் நிலை.

ஒரே இணைப்பான், ஒரே மொழி

முதல் நிலையில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இணைப்பான், தனித்தனி எண்கள் வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் காரில் வேலை செய்யாது. இரண்டாம் நிலையான ஓபிடி 2 இதை மாற்றியது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் 16 முனைகள் கொண்ட ஒரே வடிவ இணைப்பானும், பொதுவான குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இதே போன்ற விதி வந்தது.

இக்குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. என்ஜின், கியர் தொடர்பானவை ஆங்கில எழுத்தான 'பி'யில் தொடங்கும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாம் இடத்து இலக்கம் எந்தப் பகுதி என்று காட்டும். 1, 2 எரிபொருள்-காற்றுப் பகுதி, 3 தீப்பொறிப் பகுதி, 4 புகைக்கட்டுப்பாடு, 7 கியர். பி0300 என்றால் சிலிண்டர்களில் தீப்பிடிப்பு தவறுகிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0420 என்றால் வினையூக்கியின் திறன் குறைவு.

இந்தியாவுக்கு வந்த வழி

1983-ல் மாருதி 800 வந்தபோது அதிலும் கார்பரேட்டர்தான். கார் புகைக்கான அளவு வரம்புகள் இந்தியாவில் 1991-ல்தான் தொடங்கின. 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. பெட்ரோலில் கலக்கும் ஈயம் வினையூக்கியைப் பாழாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை ஒரு திருப்புமுனை. தலைநகர் வட்டாரத்தில் புதிய கார்கள் ஐரோப்பிய வரம்புகளை விரைவில் எட்ட வேண்டும் என்றது அந்த ஆணை. 2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 தலைநகர் வட்டாரத்தில் தொடங்கி 2001-ல் சென்னைக்கும் வந்தது. கார்பரேட்டர் காலம் இதோடு முடியத் தொடங்கியது.

இந்த மாற்றத்தின் நடுவில்தான் நம் வட்டாரம் கார் உற்பத்தி மையமாக மாறியது. மகிந்திராவுடன் சேர்ந்து வந்த ஃபோர்டு, 1996-ல் எஸ்கார்ட்டைத் தந்தது; மறைமலை நகரில் ஆலை அமைத்து 1999-ல் ஐகானைத் தந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவை வெளியிட்டது. மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகமான காலம் இது. அவற்றோடு செக் என்ஜின் விளக்கும் வீட்டு வாசலுக்கு வந்தது.

ஆயினும் இந்தியச் சட்டம் இந்த விளக்கைக் கேட்டது பின்னர்தான். பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரல் முதல் ஓபிடி முதல் நிலையும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் நிலையும் நடைமுறைக்கு வந்தன. பாரத் ஸ்டேஜ் 4 தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட சில நகரங்களுக்கு மட்டுமே. 2017 ஏப்ரலில்தான் நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது இருசக்கர வாகனங்களிலும் இந்த விளக்கு கட்டாயமாயிற்று.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். மறைமலை நகரில் செய்யப்பட்ட ஃபோர்டு இகோஸ்போர்ட் கார்கள் 2018 முதல் அமெரிக்காவில் விற்பனையாயின. அமெரிக்காவின் கடுமையான ஓபிடி 2 விதிகளுக்கு உட்பட்ட கார்களைச் செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிலாளர்கள் செய்து கப்பலேற்றினார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

மதிப்பெண் பட்டியல், ஒரு மாணவன் கணக்கில் தேறவில்லை என்று சொல்லும். ஏன் தேறவில்லை என்று சொல்லாது. கண்பார்வை குறைவாக இருக்கலாம், வீட்டில் படிக்க இடம் இல்லாதிருக்கலாம், அடிப்படை வாய்ப்பாடே தெரியாதிருக்கலாம். பழுதுக் குறியீடும் அப்படிப்பட்டதே. எந்தப் பாடத்தில் தோல்வி என்பதை மட்டும் அது சொல்கிறது.

பி0171-ஐ எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் குறைவு என்று கணினி முடிவு செய்தது ஆக்சிஜன் உணரியின் பேச்சைக் கேட்டு. உண்மையில் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். பில்டர் அடைத்திருக்கலாம். வெப்பத்தில் வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே போகலாம். சைலன்சர் குழாயின் முன்பகுதியில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உணரியில் படலாம். உணரியே கெட்டிருக்கலாம். இவற்றில் ரப்பர் குழாய்க்குச் சில நூறு ரூபாய் போதும். உணரிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். குறியீட்டைப் பார்த்த உடனே உணரியை மாற்றச் சொல்வது, பட்டியலைப் பார்த்த உடனே பையனைப் பள்ளியை விட்டு நிறுத்துவது போன்றது.

பி0420-ம் அப்படியே. வினையூக்கி மாற்றி விலை மிகுந்தது. அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் உள்ளன. பெரும்பாலும் அது தானாகக் கெடுவதில்லை. எரியாத பெட்ரோல் அதில் சென்று எரிந்தாலோ, என்ஜின் ஆயில் கசிந்து அதில் படிந்தாலோ கெடும். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் கெடும்.

உப்புக் காற்றும் வெள்ள நீரும்

கேளம்பாக்கம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கிழக்கே கோவளம் கழிமுகம், அதற்கப்பால் வங்கக் கடல். உப்பு விளைய உதவும் அதே வெயிலும் காற்றும் கார்களுக்குப் பகை. உணரிகளுக்கும் கணினிக்கும் இடையே ஓடுவது பெரும்பாலும் 5 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்னழுத்தம். ஆக்சிஜன் உணரி தருவது ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மட்டுமே. இணைப்பு முனையில் பச்சை நிறக் களிம்பு சிறிது படிந்தாலும் அளவு மாறிவிடும். உணரி நல்லதாக இருக்கும். கணினிக்குப் போய்ச் சேரும் செய்தி தவறாக இருக்கும்.

வெள்ளமும் இப்பகுதியில் அடிக்கடி வருவது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. நீர் வடிந்த உடனே வண்டி ஓடலாம். வயரிங் உள்ளே புகுந்த ஈரம் மாதக்கணக்கில் வேலை செய்து பிறகுதான் விளக்கை எரியச் செய்யும். ஐ.டி. சாலையை ஒட்டிய புதுக் குடியிருப்புகளில் காலி மனைகளுக்கு அருகே நிறுத்தும் கார்களில் எலி வயரைக் கடிப்பதும் உண்டு. ஆகவே கடலோர ஊர்களில் பழைய காருக்கு விளக்கு எரிந்தால், விலை உயர்ந்த உறுப்பைச் சந்தேகிக்கும் முன் இணைப்புகளையும் எர்த் கம்பியையும் பார்ப்பதே முறை.

பழைய காரில் பழுதறியும் வரிசை

முதலில் விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லையெனில், மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் வினையூக்கியைச் சுட்டுப் பொசுக்கும் அளவுக்குத் தீப்பிடிப்பு தவறுகிறது என்று பொருள். ஓரமாக நிறுத்துவதே நல்லது. வெப்பநிலை அல்லது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அது வேறு செய்தி. உடனே என்ஜினை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் வயது. 2013-க்குப் பிந்தைய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பானில் எந்தப் பொதுக் கருவியும் பேசும். 2010-க்கு முந்தைய காரில் அதே வடிவ இணைப்பான் இருந்தாலும், உள்ளே பேசும் மொழி அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருக்கக்கூடும். கைப்பேசியுடன் இணையும் மலிவான கருவி அங்கே 'இணைப்பு இல்லை' என்று காட்டினால் கார் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது, குறியீட்டை அழிக்கும் முன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பழுது பதிவான நொடியில் என்ஜினின் வேகம், வெப்பம், சுமை என்னவாக இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைக்கும். அழித்தால் அந்தச் சான்றும் போய்விடும். பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைப்பதும் இதே இழப்பைத் தரும்.

நான்காவது, காசு செலவில்லாத சோதனைகள்: பேட்டரி முனைகள், எர்த் கம்பி, காற்று பில்டர், ரப்பர் குழாய்கள், இணைப்பான்களின் களிம்பு. அமெரிக்க நூல்களிலும் காணொளிகளிலும் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிவதையும் கணினி சோதிக்கும். இந்தியா பின்பற்றிய ஐரோப்பிய முறையில் அந்தக் கசிவுச் சோதனை கட்டாயமில்லை என்பதால், இங்குள்ள பெரும்பாலான பழைய கார்களில் அந்த அறிவுரை பயன் தராது.

ஐந்தாவது, சந்தேகப்படும் உறுப்பை மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றிய பின் குறியீட்டை அழித்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல பழுதுகளுக்கு, இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து கண்டால்தான் கணினி விளக்கை எரியவிடும். குறை நீங்கித் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சரியாக இருந்தால் தானே அணைத்துவிடும். அணைந்த மறுநாளே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

இவற்றைச் செய்யாமல் பல்பைக் கழற்றிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பழைய காரை வாங்குபவர் சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பும் முன் இந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது நல்லது. அப்போதும் எரியவில்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கக்கூடும்.

குறியீடு யாருக்குச் சொந்தம்?

விளக்கு எல்லோருக்கும் தெரிகிறது. அது சொல்லும் செய்தியை முழுமையாகப் படிக்கும் கருவியும் கையேடும் எல்லோரிடமும் இல்லை. இது இந்தியாவில் வழக்காகவே வந்தது. கார் உதிரிப்பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்யப்படுகின்றன என்று நுகர்வோர் ஒருவர் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களோடு பழுதறியும் கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த நிறுவனங்களின் தவறை உறுதிசெய்து, அபராதக் கணக்கை மட்டும் உதிரிப்பாக விற்பனையின் அளவுக்குக் குறைத்தது. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று.

இது வெறும் வணிகத் தகராறு அல்ல. ஒரு நிறுவனம் ஆலையை மூடிச் சென்ற பிறகும் அதன் கார்கள் பல ஆண்டுகள் சாலையில் ஓடும். அவற்றின் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்க வேண்டும். காதால் பழுதறிந்த பட்டறைக்காரரின் அறிவு அவருக்கே சொந்தமாக இருந்தது. கணினிக்குள் போன அறிவு யார் கையில் இருக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்திருப்பது இக்கேள்வியை இன்னும் நெருக்கமாக்குகிறது. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்சிஜன். ஆகவே கணினி வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சிச் சரிசெய்கிறது. அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே ஒரு ரப்பர் குழாய் கசியும் பழைய காரில் அந்த எல்லை எளிதில் தாண்டப்படும்; பி0171 பதிவாகும். அப்போது கெட்டது உணரி என்று நம்பிப் பணத்தை இழக்காமல் இருக்க, காரின் உரிமையாளர் செய்யக்கூடியது எளிது. பட்டறையில் குறியீட்டின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தச் சோதனை செய்து எந்த உறுப்பு கெட்டது என்று முடிவு செய்தார்கள் எனக் கேட்க வேண்டும். கழற்றிய உறுப்பைத் திரும்பப் பெற வேண்டும். இந்த மூன்றையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை விளக்கு எரியும்போது எந்த மெக்கானிக்கும் அங்கிருந்தே தொடங்கலாம்.